அசலின் ஆயுள்

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு அண்ணாமலையின் உச்சியில், 2,668 அடி உயரத்தில், கொப்பரையில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. அந்த வேளையில் வேங்கிக்காலில் மலை தெரியும் மொட்டைமாடிகளில் எல்லாம் ஆட்கள் நிற்பார்கள். வேலூர் சாலையில், கலெக்டர் அலுவலகத்தை ஒட்டி வளர்ந்த பகுதி இது. வீட்டுக்கு மூன்று நான்கு கைபேசிகள் இருக்கும். அரோகரா என்ற குரல் எழும்போது அத்தனையும் மலையை நோக்கி உயரும். சில நிமிடங்களுக்குள் ஆயிரக்கணக்கான படங்கள் பிறந்துவிடும்.

அவற்றுள் எத்தனையை 2075இல் யாராவது திறந்து பார்ப்பார்கள்?

ஊரின் மறுபக்கம், செங்கம் சாலையில் இருக்கும் ரமணாசிரமத்துக்குப் போனால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். உலகமெங்கும் பரவிய ரமண மகரிஷியின் மார்பளவு உருவப்படத்தை பெங்களூரு புகைப்படக் கலைஞர் ஜி.ஜி. வெல்லிங் 1946இல் எடுத்தார். அமெரிக்காவின் லைஃப் இதழுக்காக எலியட் எலிசோஃபோன் எடுத்த படங்கள் 1949 மே மாதம் வெளியாயின. 1950 ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்தபோது பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன் திருவண்ணாமலையில்தான் இருந்தார். மகரிஷியின் இறுதி நாட்களை அவருடைய கேமரா பதிவு செய்தது. முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்தப் படங்களை இன்றும் அச்சிட முடிகிறது, பெரிதாக்க முடிகிறது, புதிய கருவிகளைக் கொண்டு ஸ்கேன் செய்ய முடிகிறது. காரணம், பிலிம் என்ற பொருள் எங்கோ ஓர் இடத்தில் பத்திரமாக இருந்தது. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலே உருவம் தெரியும். எந்த மென்பொருளும் வேண்டாம்.

டிஜிட்டல் படத்துக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது. அது எண்களின் வரிசை. அந்த வரிசை ஏதாவது ஒரு சாதனத்தில் எழுதப்பட்டிருக்கும் வரை, அதைப் படிக்கத் தெரிந்த ஒரு கருவி இருக்கும் வரைதான் படம் இருக்கும். பிலிமைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு மறந்தாலும் பல சமயம் அது பிழைத்துக்கொண்டது. எண்களை மறந்தால் அவை பிழைப்பதில்லை. யாராவது ஒருவர் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அவற்றைப் படியெடுத்து, சரிபார்த்து, அடுத்த சாதனத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எண்களாகும் வெளிச்சம்

எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். லென்ஸ் வழியே வரும் ஒளி சென்சாரில் விழுகிறது. சென்சார் முழுவதும் நுண்ணிய கட்டங்கள். ஒளி பட்டதும் ஒவ்வொரு கட்டத்திலும் எலக்ட்ரான்கள் சேர்கின்றன. எவ்வளவு சேர்ந்தன என்று கேமரா அளந்து ஓர் எண்ணாக எழுதுகிறது. நல்ல கேமராக்கள் இந்த எண்ணை 14 பிட்டில் எழுதும். அதாவது முழு இருட்டுக்கும் முழு வெளிச்சத்துக்கும் நடுவே 16,384 படிநிலைகள். சென்சாரில் 1 கோடியே 20 லட்சம் கட்டங்கள் இருந்தால், ஒரு படத்துக்கு ஏறக்குறைய 21 மெகாபைட் ஆகும். அளந்த எண்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கும் கோப்புதான் ரா ஃபைல்.

கைபேசி நமக்குத் தருவது பெரும்பாலும் இதையல்ல. அது அந்த எண்களைத் தானே பதப்படுத்தி, ஜேபெக் போன்ற வடிவில் சுருக்கித் தருகிறது. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளோடு நிறுத்திக்கொள்ளும். கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடும். 21 மெகாபைட் மூன்று நான்கு மெகாபைட்டாக இளைப்பது இப்படித்தான். சாதாரணப் படத்தில் இந்த இழப்பு தெரியாது. தீபத்தன்று எடுத்த படத்தில் தெரியும். நடுவில் கண்ணைக் கூசும் சுடர், சுற்றிலும் இருண்ட மலைச்சரிவு. ரா ஃபைலில் அந்த இருட்டுக்குள்ளும் பாறைகளின் விளிம்புகள் எண்களாகப் பதிந்திருக்கும். பிறகு வெளிக்கொண்டு வரலாம். ஜேபெக்கில் அந்த இடம் ஒரே கருப்பாக ஒட்டிப் போயிருக்கும். மாவிலிருந்து எத்தனை விதமாகவும் தோசை வார்க்கலாம். வார்த்த தோசையை மறுபடி மாவாக்க முடியாது.

இன்னொரு படி கீழே இறங்கினால் வாட்ஸ்அப். அதில் படமாக அனுப்பும்போது அளவு குறைகிறது. கோப்புக்குள் இருந்த எக்ஸிஃப் தகவல்களும் போய்விடுகின்றன. எடுத்த நாள், நேரம், கேமராவின் பெயர், ஜி.பி.எஸ். இருந்தால் எடுத்த இடம், எல்லாம் அந்தத் தகவல்களில்தான் இருந்தன. அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். குடும்பக் குழுவில் வந்த படத்தைச் சேமித்துவிட்டுப் படம் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியடைபவர்கள் உண்மையில் சேமித்திருப்பது அதன் நிழலை. கேமராவிலிருந்து வெளிவந்த நிலையில், யாரும் திருத்தாத கோப்புதான் அசல். திருத்தியதை வேறு பெயரில் வைத்துக்கொண்டு இதைத் தொடாமல் விட வேண்டும்.

ஒரு நடராஜரும் ஒரு புகைப்படமும்

தொடாத அசலுக்கு என்ன மதிப்பு என்பதைத் தமிழகம் ஒரு வழக்கில் கண்கூடாகப் பார்த்தது.

1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுக்க ஆரம்பித்தது. ஊர் ஊராகப் போய்க் கட்டடங்கள், சிற்பங்கள், செப்புத் திருமேனிகள் என்று எடுத்துக் குவித்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தெய்வம் என்ற குறிப்பும் படத்தோடு சேர்ந்தே இருந்தது. அப்போது அது கலை வரலாற்று ஆய்வுக்கான சேகரிப்பு மட்டுமே.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து சோழர் கால நடராஜர் திருமேனி திருடுபோனது. 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதை 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. விற்றவர் காட்டிய ஆவணங்கள் போலி. அது ஸ்ரீபுரந்தான் நடராஜர்தான் என்று நிறுவுவதற்கு, புதுச்சேரி நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்த பழைய புகைப்படம் முக்கியச் சான்றாக நின்றது. 2014 செப்டம்பரில் அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் திருமேனியை டெல்லியில் இந்தியாவிடம் ஒப்படைத்தார். புதுச்சேரிப் படங்கள் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு அதன் பிறகும் பலமுறை கைகொடுத்தன.

அந்தப் படம் சான்றாக நிற்க இரண்டு விஷயங்கள் தேவைப்பட்டன. படம் மாறாமல் இருந்தது. அது எங்கே எடுத்தது என்ற குறிப்பும் மாறாமல் இருந்தது. டிஜிட்டல் படத்துக்கும் இவை இரண்டும்தான் உயிர். ஆனால் இரண்டும் எளிதில் நழுவிவிடும்.

பிட்டுகள் கெடும் விதம்

ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல், மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டர்களில் அளக்கும் இடைவெளியில், படிக்கும் முனை மிதந்து செல்கிறது. ஓடும்போது டிஸ்க் கீழே விழுந்தால் அந்த முனை தட்டில் உரசிவிடக் கூடும். அலமாரியில் சும்மா கிடந்தாலும் பாகங்கள் வயதாகும்.

எஸ்.எஸ்.டி., பென் டிரைவ், மெமரி கார்டு ஆகியவற்றில் சுழலும் பாகம் இல்லை. அங்கே தகவல் என்பது நுண்ணிய அறைகளில் அடைபட்ட மின்னூட்டம். அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். எழுதி எழுதித் தன் ஆயுளின் எல்லையைத் தொட்ட ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதே அத்துறையின் தரவிதி. புதிய எஸ்.எஸ்.டி. அதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனாலும் கோடையில் 40 டிகிரியைத் தொடும் திருவண்ணாமலையில், மாடி அறை மேசை இழுப்பறைக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பென் டிரைவை ஆவணக் காப்பகம் என்று சொல்ல முடியாது. 2000களில் கல்யாண ஆல்பத்தோடு கொடுத்த சி.டி.க்களில் தகவல் பதிந்திருப்பது ஒரு சாயப் படலத்தில். ஒளியும் ஈரப்பதமும் அந்தச் சாயத்தைச் சிதைக்கும்.

பிலிம் கெடும் விதமும் டிஜிட்டல் கெடும் விதமும் வேறு. பிலிம் மங்கும், மஞ்சளாகும், கீறல் விழும். அப்போதும் முகம் தெரியும். ஜேபெக்கில் ஒரே ஒரு பிட் மாறினால்கூட அந்த இடத்துக்குக் கீழே படம் முழுவதும் சாம்பல் நிறமாகவோ, தப்பான நிறங்களாகவோ சரிந்துவிடலாம். சுருக்குவதற்காக, அடிக்கடி வரும் மதிப்புகளுக்குக் குட்டையான குறியீடும் அரிதான மதிப்புகளுக்கு நீளமான குறியீடும் கொடுத்து எல்லாவற்றையும் இடைவெளியின்றி அடுக்கியிருப்பார்கள். நடுவில் ஒரு பிட் பிசகினால் அடுத்த குறியீடு எங்கே தொடங்குகிறது என்று கணினிக்குத் தெரியாது. சுருக்காத ரா ஃபைலில் அதே பிழை ஒரு புள்ளியோடு முடிந்துவிடும்.

படியும் சரிபார்ப்பும்

வேலூர் மாவட்டம் திருவல்லத்துச் சிவன் கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மண்டபத்தைப் பிரித்துக் கட்டும்போது, பழைய கல்லில் இருந்த வாசகத்தைப் படியெடுத்துப் புதிய கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதோடு நிற்காமல், மண்டபத்தைப் பிரிப்பதற்கு முன்பிருந்த கல்வெட்டின் படி இது என்ற குறிப்பையும் சேர்த்தே வெட்டினார்கள். மூலப்பொருள் அழியப்போகிறது என்று தெரிந்ததும் தகவலை வேறு பொருளுக்கு மாற்றுவது, அது எதன் படி என்பதையும் பதிவது. இன்றைய டிஜிட்டல் ஆவணக் காப்பகங்கள் செய்வதும் இந்த வேலையைத்தான்.

ஆனால் படியெடுத்தது பிசகாமல் வந்ததா என்று எப்படி அறிவது? கல்லில் என்றால் எழுத்தெழுத்தாக ஒப்பிடலாம். ஒரு படத்தில் கோடிக்கணக்கான பிட்டுகள். இதற்காகக் கணினியில் செக்சம் என்ற முறை இருக்கிறது. கோப்பு முழுவதையும் ஒரு கணக்குக்குள் செலுத்தினால் ஒரு சிறிய அடையாள எண் கிடைக்கும். எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கில் அது எப்போதும் 64 எழுத்துகள் கொண்டதாக இருக்கும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்துகளும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். படங்களை கார்டிலிருந்து இறக்கியதும் எண்களைக் கணக்கிட்டு ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டால், பத்து ஆண்டு கழித்தும் எந்தப் படம் கெட்டது, எது கெடவில்லை என்று கணினியே சொல்லிவிடும். இதற்கான இலவச மென்பொருள்கள் நிறைய உண்டு. கெட்ட கோப்பை அடையாளம் கண்டதும் நல்ல படியிலிருந்து மீட்கலாம். பட்டியல் இல்லாவிட்டால், கெட்டுப்போன கோப்பே அடுத்தடுத்த டிஸ்க்குகளுக்கும் படியாகிப் போகும்.

படி இருக்கிறது என்று நம்புவது வேறு, அது திறக்கிறது என்று பார்த்தறிவது வேறு. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி தவறான ஒரு கட்டளையால் அழிந்தது. பேக்கப்பைத் தேடிப் போனார்கள். அது சில காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்ததால் படம் பிழைத்தது.

மூன்று, இரண்டு, ஒன்று

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக், 2005இல் வெளியான தன் நூல் வழியே ஓர் எளிய விதியைப் பரப்பினார். எந்தப் படத்துக்கும் மூன்று படிகள். அவை இரண்டு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறு இடத்தில். இந்த விதியின் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கிறது.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பற்றின. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் எரிந்தது. 858 டெராபைட் தகவல் போயிற்று. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே வேறு படி வைத்திருக்கவில்லை.

திருவண்ணாமலையில் 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையால் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். உயிரிழப்பின் முன் வேறெந்த இழப்பும் பெரிதல்ல. ஆனால் மலையும் வெள்ளமும் வீடு பார்த்து வருவதில்லை என்பதால், ஒரு படியை அதே தெருவில் இருக்கும் சித்தப்பா வீட்டில் வைப்பது வேறு இடம் ஆகாது. வேங்கிக்காலில் இருப்பவர் பெங்களூருவிலோ கோவையிலோ இருக்கும் பிள்ளையின் வீட்டில் ஒரு டிஸ்க் வைக்கலாம். தீபத்துக்கோ பொங்கலுக்கோ வரும்போது பழையதைக் கொண்டுவந்து புதியதை எடுத்துப் போகலாம்.

கிளவுடும் வேறு இடம்தான். ஆனால் அது அடுத்தவர் வீட்டுத் திண்ணையை நம்பி இருப்பது. மைஸ்பேஸ் தளம் ஒரு சர்வர் மாற்றத்தில் பல ஆண்டுகளின் படங்களையும் பாடல்களையும் இழந்துவிட்டதாக 2019இல் தெரிவித்தது. கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் எல்லையற்ற இலவச இடத்தை நிறுத்திக்கொண்டது, 15 ஜி.பி.க்கு மேல் போனால் கட்டணம். அதுவரை இலவசமாக ஏற்றிய படங்களும் சுருக்கப்பட்டவையே. கைபேசியோடு தானாக ஒத்திசையும் சேவைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கைபேசியில் அழித்தால் அங்கேயும் அழிந்துபோகும். அதை பேக்கப் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

படிகளைப் பரப்பி வைப்பதன் அருமையைத் தமிழ்ப் புகைப்பட வரலாறே காட்டுகிறது. தமிழகத்தின் பழைய ஸ்டூடியோக்களில் கண்ணாடி நெகட்டிவ்களும் குடும்பப் படங்களும் கேட்பாரற்றுப் போய்க்கொண்டிருந்தன. 2010களில் மானுடவியலாளர் ஸோயே ஹெட்லி தலைமையில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் ஊர் ஊராகத் தேடி அவற்றை டிஜிட்டல் வடிவுக்கு மாற்றினார்கள். பணம் தந்தது பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம். அத்திட்டத்தின் விதிப்படி அசல் அந்த நாட்டிலேயே இருக்க வேண்டும். டிஜிட்டல் படி லண்டனுக்கும் போகும், உள்ளூர் நிறுவனத்திலும் இருக்கும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தைப் பணயத் தொகை கேட்கும் கணினித் தாக்குதல் முடக்கியது. நூலகத்தின் இணையச் சேவைகள், இந்தத் திட்டத்தின் படங்கள் உட்பட, மாதக்கணக்கில் திறக்கவில்லை. ஒரே இடத்தை நம்பாமல் வகுத்த விதி எவ்வளவு முன்யோசனை உள்ளது என்பது அப்போது விளங்கியது.

திறக்கும் சாவி, தெரியும் பெயர்

பிட்டுகள் அத்தனையும் பிழைத்தாலும் படிக்கும் கருவி போய்விட்டால் பயனில்லை. 1966, 1967 ஆண்டுகளில் நாசாவின் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் எடுத்த நிலவுப் படங்கள் காந்த நாடாக்களில் இருந்தன. நாடாக்கள் பத்திரமாக இருந்தன. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் இயந்திரங்கள் உலகில் அருகிவிட்டன. நான்சி எவன்ஸ் என்ற காப்பாளர் சில இயந்திரங்களைத் தன் வீட்டு வாகனக் கொட்டகையில் பல ஆண்டுகள் காத்து வைத்திருந்தார். 2008இல் ஒரு குழு அவற்றைப் பழுதுபார்த்து, நிலவிலிருந்து தெரியும் பூமியின் படத்தை முன்பு யாரும் பார்க்காத தெளிவோடு மீட்டெடுத்தது. ஒருவர் அக்கறைப்படாவிட்டால் அந்த நாடாக்கள் வெறும் நாடாக்களே.

ரா ஃபைலுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு கேமரா நிறுவனமும் தனக்கென ஒரு வடிவம் வைத்திருக்கிறது. அடோபி 2004இல் டி.என்.ஜி. என்ற ரா வடிவத்தின் விவரங்களை எல்லோருக்கும் வெளியிட்டது. காப்பகங்கள் பல டிஃப் வடிவையும் பயன்படுத்துகின்றன. ரா ஃபைலோடு முழு அளவு ஜேபெக் ஒன்றையும் சேர்த்து வைத்தால், ஒன்று திறக்காத நாளில் மற்றது திறக்கும்.

கடைசியாக, படத்தில் இருப்பவர்களின் பெயர். எந்த செக்சமும் இதைக் காப்பாற்றாது. எக்ஸிஃப் நாளையும் நேரத்தையும் சொல்லும்; வாசலில் நிற்பவர் அத்தையா பெரியம்மாவா என்று சொல்லாது. படக் கோப்புக்குள்ளேயே தலைப்பும் குறிப்பும் எழுத இடம் இருக்கிறது. பெரும்பாலான பட மென்பொருள்களில் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். கோப்புக்குள் எழுதிய குறிப்பு, கோப்பு எங்கே படியானாலும் கூடவே போகும். நினைவுள்ள பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

படங்களைக் காக்கும் இந்தச் சங்கிலியில் வேங்கிக்கால் குடும்பங்களின் கையில் உடனே இருக்கும் கண்ணி, கல்யாணப் படங்கள். ஒரு கல்யாணத்தில் 3,000 படங்கள், ஒவ்வொன்றும் 25 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் 75 ஜி.பி. ஆகிறது. அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டும் என்பதால் எந்த ஸ்டூடியோவும் இதைக் காலமெல்லாம் வைத்திருக்க முடியாது. ஆல்பம் கைக்கு வந்ததோடு கணக்கு முடிந்தது என்று குடும்பம் நினைக்கும். சில மாதங்களில் ஸ்டூடியோ டிஸ்க் காலியாகும். மிஞ்சுவது அச்சிட்ட பக்கங்களும் வாட்ஸ்அப்பில் சுருங்கிய படங்களும்தான். அதனால் முன்பணம் கொடுக்கும் நாளிலேயே பேசிவிடுவது நல்லது. அசல் கோப்புகள் அத்தனையும் வேண்டும், திருத்தாமல் வேண்டும், வீட்டிலிருந்து கொண்டுவரும் டிஸ்க்கில் வேண்டும் என்று கேட்கலாம். வாங்கி வந்த அன்றே இரண்டாவது டிஸ்க்கில் படியெடுத்து, இரண்டிலும் சில படங்களைத் திறந்து பார்த்து, மூன்றாவது படியை வெளியூருக்கு அனுப்பிவிடலாம். டிஸ்க்கின் மேல் தேதி எழுதிய ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினால், ஐந்து ஆண்டு கழித்துப் புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டியவர் யாராக இருந்தாலும் அவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.